கச்சேரி ரோட்டில் கட்டிய பூச்சி

போன மாதம் கிண்டிப் பட்டறையில் எனக்கு மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். மாலை கழுத்தில் விழுந்ததும் முதல் காரியமாக அதன் நாரைப் புரட்டிப் பார்த்தேன். பூவுக்கும் பூவுக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைகிறது! கடைக்காரன் நன்றாக ஏமாற்றியிருக்கிறான். மேடையில் சங்கத் தலைவர் என்னைப் புகழ்ந்து பேசிக்கொண்டிருந்தார், நான் அந்தக் கடைக்காரனை மனசுக்குள் வைதுகொண்டிருந்தேன். பூக்கட்டுகிற வீட்டில் பிறந்த புத்தி எங்கே போகும்?

காப்பி குடிக்கும்போது எங்கள் பெண்களில் ஒருத்தி, பெயர் பாக்கியம், வாயாடி, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஆயாம்மா, இத்தினி வருசமா பூச்சி கட்டிக்கினு கீறீங்களே, இத்த துன்ற மீன எப்பனா பாத்துகீறீங்களா?" என்று கேட்டாள்.

"ஒரே ஒரு தபா பாத்துகீறேன்" என்றேன்.

எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களில் ஒருத்திகூடப் பார்த்ததில்லை. நாள் முழுக்க யாருக்காகக் கை நோகிறதோ, அந்த ஆசாமியின் முகம் தெரியாது. அன்றைக்குப் பாதிதான் சொன்னேன். சங்கத்து ஆண்டு மலருக்கு எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருப்பதால் மீதியையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நான் படித்தது மயிலாப்பூர் கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், கதையை மட்டும் திருத்தாதீர்கள்.

எங்கள் தொழில் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. மலை ஆற்றில் ட்ரவுட் என்று ஒரு மீன் உண்டு. வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து நீலகிரி ஆறுகளில் விட்டது. தண்ணீர் மேல் வந்து உட்காருகிற பூச்சியை அது எட்டிப் பிடித்துத் தின்னும். அதை மண்புழு கோத்துப் பிடித்தால் கேவலம் என்பது துரைமார் கொள்கை. சின்னஞ்சிறு தூண்டில் முள்ளில் பட்டு நூலையும் இறகையும் கட்டி, அசல் பூச்சி மாதிரி ஆக்கி, அதைத் தண்ணீர் மேல் மிதக்க விட்டு மீனை ஏமாற்ற வேண்டும். அந்தப் பொய்ப் பூச்சியைக் கட்டுவதுதான் எங்கள் வேலை. மீனை ஏமாற்றித்தான் என் மகளை வளர்த்தேன் என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வேன்.

இந்த வேலைக்கு நான் வந்ததற்குக் காரணம் ஒரு தர்கா. எங்கம்மா தெற்கு மாடவீதியில் கூடை வைத்துப் பூக்கட்டுவாள். கச்சேரி ரோட்டு ஜாபர் பாய் தர்காவில் சமாதி மேல் போர்த்துகிற பூச்சாதரை எங்களிடம்தான் வாங்குவார். மற்றவர்கள் பூவின் வாசனையைப் பார்ப்பார்கள். அவர் சாதரைத் திருப்பிப் போட்டு முடிச்சைப் பார்ப்பார். ஒருநாள், "இந்த ஓரத்து முடிச்சு யாரு போட்டது?" என்று கேட்டார். நான்தான். என் வீட்டுக்காரர் வாந்திபேதியில் போய்ச் சேர்ந்து, கைக்குழந்தையோடு அம்மாவிடம் வந்து கிடந்த சமயம் அது. "இந்தக் கைக்கு ஒரு வேல கீது தனம்மா, வரியா?" என்றார். மாம்பலத்தில் ஏரியை மூடி மனை போட்டு வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். முன்னெல்லாம் அந்த ஏரியில்தான் பூச்சியை மிதக்க விட்டுப் பார்ப்பாராம். "நம்ம ஏரிய வக்கீலுங்க குந்துறதுக்குக் குடுத்துட்டாங்க" என்று அடிக்கடி சொல்லி வருத்தப்படுவார்.

மௌண்ட் ரோட்டில் துப்பாக்கி, கிரிக்கெட் மட்டை, தூண்டில் எல்லாம் விற்கிற ஒரு பெரிய கடைக்காக நாங்கள் கட்டினோம். பட்டறை மட்டும் கச்சேரி ரோட்டில், ஓர் அரிசி மண்டிக்கு மேல் மாடியில். ஐந்து பேர், ஐந்தும் பெண்கள். ஒருத்தி வால் கட்டுவாள், ஒருத்தி உடம்பு, ஒருத்தி றெக்கை. நான் கழுத்து. சேவலின் கழுத்து இறகை முள்ளின் கழுத்தில் சுற்றினால் இழையெல்லாம் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். அதுதான் பூச்சிக்குக் கால், அதன் மேல்தான் அது தண்ணீரில் நிற்க வேண்டும். கடைசியாக சரசு தலை முடிச்சுப் போட்டு அரக்குத் தொட்டு வைப்பாள். தலை முடிச்சு நழுவினால் நாலு பேர் உழைப்பும் அவிழ்ந்து போகும் என்பதால் சரசுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. "நீங்கல்லாம் பெத்துப் போட்டுட்டுப் பூடுவீங்க, பேரு வெக்கிறது நான்தான்" என்பாள்.

மழைக்காலத்தில் யாராவது காய்ச்சலில் படுத்தால் வேலை நிற்கக் கூடாது என்று பாய் எங்கள் எல்லாருக்கும் எல்லாப் பாகத்தையும் கற்றுக்கொடுத்திருந்தார். கடை முதலாளிக்கு இது தெரியாது. அவர் மூட்டுவலிக்காரர், மாடி ஏறியதே கிடையாது. தெருவில் குதிரை வண்டியை நிறுத்தி அங்கிருந்தே கூப்பிடுவார், பாய் இறங்கிப் போவார்.

ஜாபர் பாய் சரிகை வேலை செய்கிற வம்சம். ஒல்லி, வெள்ளைத் தாடி, காதில் எப்போதும் அத்தர் பஞ்சு. ஆனால் பட்டறை வாசலில் அந்தப் பஞ்சை எடுத்து வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். மீனுக்கு மோப்பம் ஜாஸ்தியாம். நாங்களும் மஞ்சள் பூசிக்கொண்டு வரக் கூடாது, தலையில் பூ வைக்கக் கூடாது. பூக்காரி மகள் வெறுந்தலையோடு வேலைக்குப் போவதைப் பார்த்து மாடவீதியே சிரித்தது. படிகாரம் போட்டுக் கை கழுவி, துடைத்து, அவர் முன்னால் நீட்டிக் காட்டிவிட்டுத்தான் உட்கார வேண்டும்.

அவர் திட்டி நான் கேட்டதில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருக்கும். சரியில்லாத பூச்சியை எடுத்து, ஊசியால் முடிச்சை நெகிழ்த்தி, ஒவ்வொரு சுற்றாகப் பிரித்து, நூலைத் தனியாக, இறகைத் தனியாக, முள்ளைத் தனியாக எங்கள் முன்னால் வைப்பார். பிள்ளையைக் குளிப்பாட்டித் துடைத்து வைப்பது போல அவ்வளவு மரியாதையாக வைப்பார். "திரும்பக் கட்டு பேட்டி." அவ்வளவுதான். பேட்டி என்றால் அவர்கள் பாஷையில் மகள். எனக்கு அழுகையாக வரும்.

நல்லது என்று அவர் ஒப்புக்கொள்ள ஒரு முறை உண்டு. இரண்டு முக்காலிக்கு நடுவில் ஒரு கண்ணாடித் தட்டு, அதில் தண்ணீர். பூச்சியை அதில் மிதக்க விட்டுவிட்டு, தொப்பியைக் கழற்றி வைத்து, பாயை விரித்து அடியில் மல்லாந்து படுத்துக்கொள்வார். "மீனு மேலேர்ந்து பாக்காதும்மா. அதுக்குக் கீழேர்ந்துதான் எல்லாம்" என்பார். அங்கே படுத்தபடியே தீர்ப்புச் சொல்வார். அவர் காலைத் தாண்டாமல் சுற்றிக்கொண்டு போய்வர நாங்கள் பழகியிருந்தோம். அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை மாதிரிக்குச் சில பூச்சிகளை எடுத்துக்கொண்டு அடையாற்று முகத்துவாரத்துக்குப் போவார். அங்கே மடவை மீன் துள்ளும். அது கவ்வினால் பூச்சி பாஸ்.

இப்படிச் சில வருஷம் நன்றாக ஓடியது. அப்புறம்தான் சனி பிடித்தது.

மலையிலிருந்து ஒரு புகார் வந்தது, பூச்சி சீக்கிரம் முழுகிவிடுகிறது என்று. கால் இன்னும் கொஞ்சம் இருந்தால் மிதக்கும் என்று பாய் சொன்னார், இறகை இன்னொரு சுற்றுச் சுற்றினேன். அடுத்த சீசனில், மீன் கவ்வவில்லை என்று பெட்டி திரும்பி வந்தது. எங்கம்மா எனக்கு ஒரு பாடம் சொல்லித் தந்திருந்தாள். வாடிக்கைக்காரர் முகம் சுளித்தால் பேசாதே, பூவை நெருக்கிக் கட்டு. மயிலாப்பூரில் இடைவெளி விட்டுக் கட்டுகிறவள் திருடி. நெருக்கிக் கட்டுகிறவள் மனசுள்ளவள். மற்றவர்களும் அப்படி வளர்ந்தவர்கள்தான். ஆகவே புகார் வர வர, நான் இறகை நெருக்கினேன், உடம்பு கட்டுகிறவள் பட்டை நெருக்கினாள், றெக்கைக்காரி இரண்டுக்கு நாலு வைத்தாள். பாயும் தடுக்கவில்லை. சரிகை வேலையிலும் துணி தெரியாமல் நிரப்பினால்தானே சிறப்பு! கண்ணாடித் தட்டில் பூச்சி ராஜா மாதிரி மிதந்தது. அடையாற்று மடவையும் கவ்வியது. அப்புறம் மலை மீனுக்கு மட்டும் என்ன கேடு என்று புரியாமல் முழித்தோம்.

ஒரு பங்குனி மாதம் முதலாளி வண்டியில் வந்து இறங்கினார். அன்றைக்குப் பாயை வண்டிக்குப் பக்கத்தில் கூப்பிடவில்லை, எங்களுக்கும் கேட்கட்டும் என்று தெருவில் நின்றே பேசினார்.

"பாய், இந்தக் கோடைதான் கடைசி. சீமையிலேர்ந்தே பெட்டி பெட்டியா வருது. இந்த சீசன்லயும் திரும்பி வந்ததுன்னா மாடியக் காலி பண்ணி மண்டிக்காரருக்கே விட்டுடுவேன்."

மாடியில் ஐந்து பேரும் கையில் வேலையோடு அப்படியே உட்கார்ந்திருந்தோம். சரசுக்கு வீட்டில் நாலு பிள்ளைகள். புருஷன் ரிக்‌ஷா இழுத்தான், இழுத்ததை அன்றன்றே குடித்தான். றெக்கை கட்டுகிற லூர்து சாந்தோமில் படுக்கையாய்க் கிடந்த தகப்பனுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். மற்ற இருவர் கதையும் அதே ரகம். எனக்குக் கமலா. ஐந்து வயசு. பெண்பிள்ளைகள் உட்கார்ந்து கௌரவமாகச் செய்யக்கூடிய வேலை அந்தக் காலத்தில் எத்தனை இருந்தது? பத்துப் பாத்திரம் தேய்க்கலாம், சித்தாள் வேலைக்கு மாம்பலம் போகலாம்.

"நான் போறேன் சாபு" என்றார் பாய். "மலைக்குப் போயி அந்தத் தண்ணியப் பாத்துட்டு வரேன். கட்டுறவங்கள்ல ஒருத்தரக் கூட்டிக்கினு போறேன். அங்க வெச்சே திருத்திக் குடுக்குறோம்."

முதலாளி யோசித்தார். ஊட்டிக்குப் பக்கத்தில் ஒரு துரைசாணி இருந்தாள். மலையில் மீன் பிடிக்கிற துரைமாரெல்லாம் எந்தப் பூச்சி நல்லது என்று அவளைத்தான் கேட்பார்கள். புகார் சொன்னதும் அவள்தான். அவள் சரி என்று சொன்னால் மலை முழுக்க எங்கள் பூச்சி விற்கும். சித்திரைக் கடைசியில் தானும் வருவதாக முதலாளி ஒப்புக்கொண்டார்.

போவது யார் என்பதில் ரகளை. தலை முடிச்சுக்காரி என்ற முறையில் தான்தான் போக வேண்டும் என்று சரசு குதித்தாள். குறை கழுத்தில்தான் இருக்கும் என்று பாய் என்னைத் தேர்ந்தெடுத்தார். சரசு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வீட்டில் எங்கம்மா அதற்கு மேல். "தாலி அறுத்தவ, பாய் கூட மலைக்குப் போறாளாம்! மாடவீதியில நான் தலைகாட்ட வாணாமா?" அப்புறம் பாயின் வீட்டம்மா ஹாஜிரா எங்கள் வீட்டுக்கே வந்து, வெற்றிலைத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, "உன் பொண்ணு கூட நான் போறேன். என் புருசன நம்பாத, என்ன நம்பு" என்றாள். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதோடு சரி.

மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில். நான் கண்ட முதல் மலை பரங்கிமலை, இரண்டாவது நீலகிரி. இரண்டையும் மலை என்று ஒரே வார்த்தையால் சொல்வது அநியாயம். குளிரில் பாயம்மா தன் ரஜாயைப் பாதி எனக்குப் போர்த்தி, "யா அல்லா, வெயில் காலத்துல இன்னா குளிரு! இங்க கீறவங்க பாவம் இன்னா தப்பு செஞ்சாங்களோ" என்று வழியெல்லாம் புலம்பினாள். ஊட்டியில் இறங்கி நடக்கும்போது எதிரே நீலச் சட்டை போட்ட பள்ளிக்கூடப் பெண்கள் இரண்டு இரண்டு பேராகக் கை கோத்துக்கொண்டு வரிசையாக வந்தார்கள். கன்னமெல்லாம் சிவப்பு. கடைசியில் வந்த சின்னது ஒன்று கமலா உயரம், கறுப்பு நிறம், நம்மூர் முகம். இடுப்பில் புத்தகப் பை. அது என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போயிற்று. நான் தெருவில் நின்றுவிட்டேன். பாயம்மா வந்து கையைப் பிடித்து இழுத்தாள்.

மறுநாள் காலை துரைசாணியோடு ஆற்றுக்குப் போனோம். அவளுக்கு அறுபது வயசிருக்கும். ஆண்பிள்ளை பூட்ஸ், ஓட்டை விழுந்த தொப்பி. அவளுக்குத் தெரிந்த தமிழ் "வா, போ, சும்மா இரு" மூன்றுதான். என்னைப் பார்த்ததும் மூன்றையும் சொன்னாள். மீதிக்கு முதலாளி.

ஆறு என்றால் நான் அடையாறு போல நினைத்திருந்தேன். இது ஒரு தாவு தாவினால் தாண்டிவிடலாம் போல இருந்தது. ஆனால் தண்ணீர்! அடியில் கிடந்த கூழாங்கல்லின் புள்ளிகூடத் தெரிந்தது. கோடை உச்சம், மழை இன்னும் இறங்கவில்லை, தண்ணீர் இளைத்து ஓடிக்கொண்டிருந்தது. துரைசாணி குனிந்து, முழங்காலில் ஊர்ந்து, என்னையும் இழுத்துக் கீழே உட்கார வைத்துவிட்டு விரலை நீட்டினாள். ஒரு கல்லுக்குப் பின்னால், ஓட்டத்தை எதிர்த்து மூஞ்சியை வைத்துக்கொண்டு, வாலை மட்டும் மெல்ல ஆட்டிக்கொண்டு நின்றது. நான் கட்டிய பூச்சிகளையெல்லாம் தின்றிருக்க வேண்டிய மகராசன்! ஏனோ கும்பிடத் தோன்றியது.

துரைசாணி கோலை முன்னும் பின்னும் வீசினாள். எங்கள் கச்சேரி ரோட்டுப் பூச்சி மீனுக்கு முன்னால் போய் மெத்தென்று இறங்கியது. அழகாக மிதந்து வந்தது. மீன் எழும்பி, மூக்கை அதற்கடியில் வைத்துக்கொண்டு, அது போகிற போக்கில் பின்னாலேயே கொஞ்ச தூரம் வந்தது. அப்புறம் திரும்பி, கீழே இறங்கி, பழைய இடத்துக்கே போய் நின்றுகொண்டது. மூன்று தரம் இப்படியே. பூவைக் கையில் எடுத்து, மோந்து பார்த்து, கூடையிலேயே போட்டுவிட்டுப் போகிறவளைப் பார்த்தால் எரியுமே, அப்படி எரிந்தது எனக்கு.

அந்த நேரம் பார்த்து அசல் பூச்சி ஒன்று மிதந்து வந்தது. வெறும் எலும்பு. இத்துனூண்டு உடம்பு, நூல் மாதிரி ஆறு கால். அதன் வழியாக அந்தப் பக்கத்துத் தண்ணீர் தெரிந்தது. மீன் யோசிக்கவே இல்லை. டபக்!

துரைசாணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, எங்கள் பூச்சியின் கழுத்து இறகைப் பாதிக்கு மேல் நறுக்கி எறிந்தாள். "ஐயோ!" என்று கத்திவிட்டேன். கட்டிய பூவைப் பிய்க்கிறது எங்கள் வீட்டில் பெரும் பாவம். அவள் றெக்கையையும் பாதி பிடுங்கினாள். மொட்டையடித்துப் பரதேசியாக்கித் தண்ணீரில் போட்டாள். மீன் எழும்பியது, ஒரு கணம் பார்த்தது, கவ்வியது.

பாய் கரையில் குந்தியிருந்தார். தொப்பியைக் கழற்றித் தொடையில் அடித்துக்கொண்டார். "அடையாத்துத் தண்ணி சேறு. அந்த மடவைக்குக் கண்ணே தெரியாது. அதுகிட்டப் போயி நான் சாட்சி கேட்டுக்கினு இருந்தேனே, தனம்மா!"

ஆனால் வெட்டிய பூச்சி இரண்டாம் மீனுக்கு நிற்கவில்லை, மூளியாகிச் சாய்ந்துவிட்டது. வெட்டக் கூடாது, கட்டும்போதே இடைவெளி விட்டு இளசாகக் கட்ட வேண்டும். சாயங்காலத்துக்குள் அப்படி ஒன்று கட்டிக் காட்டினால் பேச்சு, இல்லாவிட்டால் சீமைப் பெட்டிதான் என்று துரைசாணி சொல்லிவிட்டாள்.

அவள் பங்களா தாழ்வாரத்தில் உட்கார்ந்தோம். பாய் வால், உடம்பு, றெக்கை கட்டிக் கொடுத்தார். கழுத்து என்னுடையது. இறகை இரண்டு சுற்று சுற்றி நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். சுலபம் என்கிறீர்களா? என் கை கேட்கவில்லை. இரண்டாவது சுற்று முடிந்ததும் அது தானாக மூன்றுக்குப் போகிறது. நிறுத்தினால் இடைவெளி தெரிகிறது. தெரிந்ததும் எங்கம்மா கூடைக்குப் பின்னாலிருந்து "திருடி" என்கிறாள். அவிழ்த்தேன், கட்டினேன், அவிழ்த்தேன். வெயில் இறங்கிக்கொண்டே இருந்தது. சரசு வீட்டில் அந்நேரம் அடுப்புப் பற்றவைத்திருப்பாள் என்று நினைத்தேன்.

பாய் வழக்கம்போல என் முன்னால் இறகைத் தனியாக, நூலைத் தனியாக வைத்தார். ஆனால் "திரும்பக் கட்டு" என்று சொல்லவில்லை. தாழ்ந்த குரலில், "பேட்டி, பூவு சாமிக்கு. சாமிக்குக் கொறச்சலா குடுக்கக் கூடாது, வாஸ்தவம். இது மீனுக்கு. மீனு கும்புடாதும்மா, துன்னும்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேன், கை சொன்னபடி கேட்டது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று, நிறுத்தினேன். பிச்சைக்காரி முடி மாதிரி இருந்தது. பாய் தலை முடிச்சைப் போட்டார். அங்கே கண்ணாடித் தட்டு ஏது? துரைசாணியின் கண்ணாடிப் பழக்கிண்ணத்தைக் கேட்டு வாங்கி, இரண்டு நாற்காலிக்கு நடுவில் வைத்துத் தண்ணீர் ஊற்றிப் பூச்சியை விட்டு, தரையில் அவர் படுத்த கோலத்தைப் பார்த்துத் துரைசாணி முதல்முறையாகச் சிரித்தாள். தானும் பூட்ஸோடு பக்கத்தில் படுத்துப் பார்த்தாள். இரண்டு கிழங்களும் கிண்ணத்துக்கு அடியில் தலையை வைத்துக்கொண்டு கிடந்ததை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும்.

சாயங்காலம் அந்தப் பூச்சி முழுகாமல் நின்று நாலு மீன் பிடித்தது. முதல் மீனைத் துரைசாணி என் கையில் வைத்தாள். விலா நெடுக ஒரு ரோஜா நிறக் கோடு, மேலெல்லாம் மிளகு தெளித்த மாதிரிப் புள்ளி. எனக்குத் தெரிந்த எந்தப் பட்டிலும் அந்த நிறம் இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அத்தனை வருஷம் முகம் தெரியாமல் வேலை செய்தேனே. நான் சைவம், தின்னவில்லை. பாயம்மா வறுத்துத் தின்றுவிட்டு, "சப்புன்னு கீது. நம்ம சங்கரா மீனுக்கு ஒற போடக் காணாது" என்று கையைத் துடைத்தாள்.

மறுநாள் புறப்படும்போது துரைசாணி எங்களைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டாள். முதலாளியிடம் நெடுநேரம் பேசினாள். முதலாளி முகம் மலர்ந்து என் பக்கம் திரும்பினார்.

"ஒனக்கு அதிர்ஷ்டம் தனம். அம்மா ஒன்ன இங்கயே வெச்சுக்கறேங்கறாங்க. பின்னாடி வீடு குடுப்பாங்க, ரெண்டு மடங்கு சம்பளம். ஒம் பொண்ண இங்க இஸ்கூல்ல சேத்து முழுசும் படிக்க வெப்பாங்களாம். ஆத்தங்கரையிலயே கட்டினா எந்தப் புகாரும் வராது." அப்புறம் பாயிடம், குரலைத் தாழ்த்தாமலே, "நமக்கும் நல்லதாப் போச்சு. இவ ஒருத்தி கட்டினாப் போதும், கடையில வெச்சு வித்துக்கலாம். மாடி செலவு மிச்சம்" என்றார்.

பாய் என்னைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் தரைக்குக் கொண்டுபோனார். நீ எது சொன்னாலும் நான் குறை சொல்ல மாட்டேன் என்று அதற்கு அர்த்தம். அவர் அப்படிப்பட்ட மனுஷர்.

நான் நல்லவள் மாதிரி உடனே பதில் சொல்லிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். கமலாவுக்கு மனசுக்குள் அந்த நீலச் சட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டேன். இடுப்பில் பையை மாட்டினேன், கன்னத்தைச் சிவப்பாக்கினேன், இங்கிலீஷ்கூடப் பேச வைத்துவிட்டேன். அப்புறம் சரசு வந்தாள். மாம்பலத்தில் தலையில் செங்கல்லோடு ஏணியில் ஏறிக்கொண்டிருந்தாள். பின்னால் லூர்து.

"எனக்கு வால் கட்டத் தெரியாது துரைசாணி" என்றேன். "ஒடம்பும் தெரியாது, றெக்கையும் தெரியாது. நான் கழுத்து மட்டும்தான். நேத்து பாத்தீங்களே, மத்ததெல்லாம் பாய்தான் கட்டினாரு."

முதலாளி மொழிபெயர்த்தார். துரைசாணி நம்பாமல் பாயைக் கேட்டாள். ஐந்து வேளை தொழுகிற மனுஷர், பொய் சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

அவர் நிதானமாகச் சொன்னார். "நம்ம பட்டறையில அஞ்சு பேரு அம்மா. ஒரு பூச்சிக்கு அஞ்சு பேரு கையும் படும். அதான் நம்ம வழக்கம்." அதில் பொய் ஒன்றும் இல்லை.

துரைசாணி சிறிது யோசித்தாள். அப்படியானால் அந்த ஐந்து பேரும் அங்கேயே கட்டட்டும், ஆனால் இதே போல இளசாக வர வேண்டும், வருஷா வருஷம் கோடைக்கு முன் தனக்கும் தன் சிநேகிதர்களுக்கும் அனுப்ப வேண்டும், ஆளை மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டாள். முதலாளி தலையாட்டினார். மாடி தப்பியது.

ரயிலில் பாய் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்து வந்தார். தாடியைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்தேன். "குளிரு" என்றார்.

பட்டறையில் யாருக்கும் நான் சொல்லவில்லை. பாயும் சொல்லவில்லை. சொன்னால் நாலு பேரும் எனக்குக் கடன்பட்ட மாதிரி ஆகிவிடும். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே பூச்சியை ஐந்து பேர் கட்டும்போது அது சரிவராது. மீன் எப்படி இருந்தது என்று மட்டும் சொன்னேன். சண்டை வந்துவிட்டால், "நீ இன்னாடி, ஊட்டி பாத்தவ!" என்று சரசு குத்துவாள். நானும் பதிலுக்குக் குத்துவேன். அப்படியே யுத்தம் வந்து, சுதந்திரம் வந்து, பாய் காலமாகி, பட்டறை வேறு கைக்கு மாறிக் கிண்டிக்கு வந்து, எங்கள் தலைமயிரும் நரைத்துவிட்டது.

கமலா எட்டாவதோடு நின்றாள். எங்கம்மா பக்கவாதத்தில் படுத்தாள், நான் வேலைக்குப் போனால் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. கமலாவுக்குக் கல்யாணம் ஆகி வியாசர்பாடியில் நன்றாகத்தான் இருக்கிறாள். இருந்தாலும் அவள் வீட்டு வாசலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகும்போது நான் எழுந்து உள்ளே போய்விடுவேன். அந்தப் பதிலுக்காக நான் வருத்தப்பட்டதே இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். பல நாள் வருத்தப்பட்டிருக்கிறேன்.

சரசுவின் மூத்தவன் கெட்டிக்காரன், படித்து முன்னேறினான். கோட்டையில் உத்தியோகம், ராஜா அண்ணாமலைபுரத்தில் வீடு. அவள் சாவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் பார்க்கப் போயிருந்தேன். படுக்கையில் இருந்தாலும் வாய் படுக்கவில்லை. மகன் காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போனான். அவன் போவதையே பார்த்துக்கொண்டிருந்தவள் என் பக்கம் திரும்பினாள்.

"தனம், நானும் நீயும் ஒரே சம்பளம்தானே வாங்கினோம்? அந்தக் குடிகாரன வெச்சிக்கினு நாலுல ஒண்ண ஆளாக்கிட்டேன். உனுக்கு இருந்தது ஒண்ணு. அத்தப் போயி எட்டாவதோட நிறுத்திட்டியேடி. மனசு வெச்சிருந்தா படிக்க வெச்சிருக்கலாம்."

"வெச்சிருக்கலாம்தான்" என்றேன். காப்பி ஆறிக்கொண்டிருந்தது, எடுத்துக் குடித்தேன்.